சீதனமா வந்த குதிரை

தம்பி, கால அந்தப் பக்கமா வச்சுக்கங்க. மூட்டைய மிதிச்சிராதீங்க. ஆங், அப்படித்தான். நெல்லு இல்ல, பருத்தியும் இல்ல. புல்லு. வெறும் புல்லுதான். காய்ஞ்ச அருகம்புல்லு. பிள்ளையாருக்குப் போடுவாய்ங்கள்ல, அதே புல்லு.

சிரிக்கிறீங்க பாருங்க. சிரிங்க, சிரிங்க. கண்டக்டரும் இப்படித்தான் சிரிச்சான். "என்னக்கா, சிறுமலை பூரா புல்லாக் கெடக்கு. நீ கீழருந்து மேல புல்லு ஏத்திக்கிட்டுப் போற"ன்னான். அவனுக்கு என்ன தெரியும்? விசிலு ஊதத் தெரியும். மலையில கெடக்குற புல்லு எங்க வீட்டு மகாராணிக்கு ஆகாது. பச்சப்புல்லத் தின்னா கால் வலி வந்துரும். அதுக்காக நான் முட்டிவலியோட மலை இறங்கி, புல்லப் புடுங்கி, காய வச்சு, மூட்டையாக் கட்டி, பஸ்ஸுல உக்கார வச்சுக் கூட்டிட்டுப் போறேன். என் தலையெழுத்தப் பாத்தீங்களா?

மகாராணின்னா மருமகளச் சொல்றேன்னு நினைச்சிராதீங்க. அவ வேற கணக்கு. இது குதிரை. மட்டக்குதிரை. வெள்ளைக் கலரு. பேரு பவளம். வெள்ளையா இருக்குறதுக்கு எவனாச்சும் பவளம்னு பேரு வைப்பானா? முத்துன்னு வச்சிருக்கலாம், மல்லின்னு வச்சிருக்கலாம். எங்க சம்பந்தி பவளம்னு வச்சாரு. அந்தாளு புத்தி அம்புட்டுத்தான்.

வளைவு ஏறப் போகுது, இந்தாங்க, இந்த எலுமிச்சம்பழத்த மோந்துக்கிட்டே வாங்க. வாந்தி வராது. எங்க மலைப் பழம். நீங்க மேகத்தப் போட்டோ புடிக்க வர்றீங்களாக்கும். எல்லாரும் அதுக்குத்தான் வர்றாய்ங்க. உங்க ஊருல மேகமே கெடையாதா?

சொல்றேன் கேளுங்க. மேல பஸ் நிக்கிற எடத்துல எனக்கு இட்லிக் கடை. போர்டு கெடையாது, ஒண்ணும் கெடையாது. பஞ்சவர்ணம் கடைன்னு கேட்டா நாய் கூட வழி காட்டும். லாரிக்காரன், வனத்துறைக்காரன், தோட்டத்துக் கூலியாளு, யாரு வந்தாலும் என் எலையில மிச்சம் வச்சுட்டு எந்திரிச்சதில்ல. எந்திரிக்க விடமாட்டேன். "உனக்கு எது புடிக்கும்"னு நான் ஒருத்தரையும் கேட்டதில்ல. போட்டதத் திங்கணும். அதுதான் மனுசனுக்கு அழகு. சர்க்காரு ஆஸ்பத்திரியில எனக்கே சக்கரை இருக்குன்னு சொல்லிருக்காய்ங்க. அதத் திங்காதீங்க, இதத் திங்காதீங்கன்னு அந்த நர்சுப் புள்ள ஒரே பேச்சு. எல்லாத்தையும் பொறுமையாக் கேட்டுக்கிட்டேன். வீட்டுக்கு வந்து ரெண்டு இனிப்புப் பணியாரம் தின்ன பெறகுதான் அந்தக் கசப்பு போச்சு.

எனக்கு ஒரே மகன். சேவுகன். மேல பல தோட்டத்துக்கு ரோடு கெடையாது தம்பி. எலுமிச்ச மூட்டை, அவரை மூட்டை, வாழைத்தாரு, எல்லாத்தையும் குதிரை முதுகுல ஏத்தித்தான் ரோட்டுக்குக் கொண்டாரணும். சேவுகன்கிட்ட ரெண்டு பொதிக்குதிரை நிக்குது. அதுகளச் சொல்லுங்க குதிரைன்னு. கழனித்தண்ணி ஊத்துனா குடிக்கும். வாழைத்தோலப் போட்டா திங்கும். ஒருக்கா கொடியில கெடந்த என் சேலைய முந்தானையோட தின்னுருச்சு. ஒண்ணும் ஆகல. மறுநா அவரை மூட்டை சொமந்துச்சு. அதெல்லாம் வயிறு.

அவனுக்கு நிலக்கோட்டைப் பக்கம் பொண்ணு பாத்தோம். பேரு பூங்கோதை. பாக்க லட்சணமாத்தான் இருந்துச்சு, குத்தம் சொல்லக்கூடாது. அவுங்க அப்பா ராமையா கல்யாணத்துக்குக் குதிரை விடுற ஆளு. மாப்பிள்ளை அழைப்புக்கு வெள்ளைக் குதிரை மேல, தலையில இறகு வச்சு, முதுகுல சரிகைத் துணி போட்டுக் கொண்டு போவாய்ங்கள்ல, அந்த யாவாரம். அவருக்குப் பக்கவாதம் வந்து ஒரு கை விழுந்துருச்சு. மகன் திருப்பூர்ல பனியன் கம்பெனியில இருக்கான், அங்க போயி இருக்கப் போறேன்னாரு. நல்லது, போங்கன்னோம். அப்பத்தான் இந்தப் பொண்ணு காப்பித் தட்டக் கீழ வச்சுட்டு, சபையில, அத்தன பேரு முன்னால சொல்லுது. "பவளமும் என்கூட வரும். அதுக்குச் சம்மதம்னா எனக்கும் சம்மதம்."

எனக்குப் பவளம்னதும் நகைன்னு நெனப்பு. பரவாயில்லையே, பவளமாலை போடுறாய்ங்க போலன்னு தலைய ஆட்டிட்டேன். வெளியில வந்து பாத்தா, வேப்பமரத்தடியில அது நின்னுக்கிட்டு வாலாட்டுது. எம் மகன் மூஞ்சியப் பாக்குறேன், பல்லு பூராத் தெரியுது அவனுக்கு. அன்னைக்கே தெரிஞ்சுபோச்சு, இவன் இனிமே நம்ம சொல்லக் கேக்க மாட்டான்னு.

ஊருல பொண்ணுக பீரோ கொண்டு வருவாய்ங்க, கட்டில் கொண்டு வருவாய்ங்க. என் மருமக குதிரை கொண்டு வந்தா. அதுவும் எதுல? குட்டியானையில. குட்டியானை வண்டியில குதிரை வந்து எறங்குச்சு, ஊரே வேடிக்கை பாக்குது. எதிர்க்க டீக்கடை வச்சிருக்கா ஒச்சம்மான்னு ஒருத்தி. டீயா அது, பாத்திரம் கழுவுன தண்ணி. அவ கேக்குறா, "என்ன பஞ்சவர்ணம், மருமக வர்றான்னு சொன்ன, ரெண்டு பேரு வந்து எறங்குறாக?"

சரி, வீட்டுக்கு வந்த உசுரு. மொதல்ல தண்ணி வச்சேன். கடை வாளியிலதான் வச்சேன். கிட்ட வந்துச்சு, மோந்துச்சு, தலையத் திருப்பிக்கிருச்சு. பூங்கோதை வந்து மெதுவாச் சொல்றா, "அத்தை, வாளியில சோப்பு வாசம் அடிக்குது. அதுக்குப் புடிக்காது." சோப்பு வாசம்! இந்த வாளியில புடிச்ச தண்ணியில நான் எத்தன பேருக்கு ரசம் வச்சிருக்கேன்.

பெறகு கொள்ளு வேக வச்சுக் கொண்டுபோனேன். குதிரைன்னா கொள்ளுதான? ஒரு வாய் எடுத்துச்சு. மென்னுச்சு. மென்னு, ஓரமா, அப்படியே கீழ விட்டுருச்சு. துப்பல, கவனிங்க. மரியாதையா விட்டுருச்சு. பெரிய எடத்துப் பொம்பளைக வாய்க்குள்ள கல்லு கடிச்சா எடுப்பாய்ங்கள்ல, அப்படி. தவுடு கரைச்சு வச்சேன். மூக்கச் சுளிச்சுச்சு. வைக்கோலப் போட்டேன், அது மேலயே படுத்துக்கிருச்சு. மெத்தைன்னு நெனச்சுக்கிருச்சு போல. இவ வீட்டுலருந்து கட்டு கட்டாக் காய்ஞ்ச புல்லு கொண்டு வந்திருந்தா. அத தண்ணியில முக்கி, பிழிஞ்ச துணி மாதிரி உதறிப் போட்டா, அத மட்டும் நறுக்கு நறுக்குன்னு திங்குது.

"ஏம்மா, புல்லக் குளிப்பாட்டியா போடுவாய்ங்க?"ன்னு கேட்டேன்.

"புல்லுலயும் சக்கரை இருக்கு அத்தை. ஊற வச்சா அது கரைஞ்சு போயிரும். கல்யாண வீட்டுல ஆளாளுக்கு லட்டும் பழமும் ஊட்டி, முன்னாடி ஒருதரம் இதுக்குக் கால் புடிச்சுக்கிச்சு. நடக்கவே முடியல. அதுலருந்து இதுக்கு இனிப்பு ஆகாது. தவுடு, கொள்ளு, வெல்லம், எதுவும் வேணாம். சரியா அத்தை?"

சரியான்னா என்ன அர்த்தம்? என் வீட்டுல வந்து நின்னுக்கிட்டு, என் அடுப்புல செஞ்சதப் போடாதேன்னு எங்கிட்டயே சொல்றா. நான் ஒண்ணும் பேசல. எனக்குப் பெருந்தன்மை உண்டு. ஆனா அன்னைக்குச் சாயங்காலம் அந்த ஒச்சம்மா நாலு பேரு இருக்கையில உரக்கச் சொல்றா. "பஞ்சவர்ணம் சமையலக் குதிரை கூட மோந்து பாத்துட்டுப் போயிருச்சாம்ல?"

அதுதான் தம்பி என் நெஞ்சுல ஏறுன முள்ளு. அதோட விட்டுற முடியுமா? நீங்களே சொல்லுங்க. இந்தக் குதிரைய என் கையால திங்க வைக்காம விடுறதில்லன்னு நெனச்சேன்.

திண்டுக்கல்லுக்குப் போனேன். தீவனக் கடைக்காரன் ஒருத்தன், வயித்தப் பாத்தா அவனே தீவனந்தான் திங்கிறான்னு தெரியுது. "குதிரைக்கு ஏதாச்சும் குடு"ன்னேன். "குதிரைக்கா, யாருக்கும்மா இப்ப குதிரை இருக்கு?"ன்னு கேட்டுட்டு, மாட்டுக்குப் போடுற குச்சித் தீவனத்த எடுத்துக் குடுத்தான். அதுல வெல்லப்பாகு கலந்திருக்கு, மோந்தாலே கமகமன்னு இருக்கு. ஒரு துண்ட நானே வாயில போட்டுப் பாத்தேன். மோசமில்ல.

கொண்டாந்து கையில வச்சு நீட்டுனேன். தம்பி, நீங்க பாக்கணுமே! காதத் தூக்குச்சு. ஒதட்ட நீட்டுச்சு. உள்ளங்கைய நக்கித் தின்னு, இன்னும் இருக்கான்னு என் இடுப்புல முட்டுச்சு. யாருகிட்ட, எங்கிட்டயா? இந்த உலகத்துல திங்க வைக்க முடியாத உசுருன்னு ஒண்ணு கெடையாது. வைக்கிறவளுக்குத் தெரியணும்.

பூங்கோதைகிட்ட ஒளிச்சுச் செஞ்சேன்னு சேவுகன் பின்னால சொன்னான். அபாண்டம். நான் எதையும் ஒளிச்சுச் செய்யமாட்டேன். அவ தண்ணிக்குப் போற நேரமாப் பாத்துக் குடுத்தேன், அம்புட்டுத்தான். பாத்திருந்தா அவ மனசு சங்கடப்படும்ல? தன் கையால மட்டுந்தான் திங்கும்னு ஒரு பெருமை அவளுக்கு. அத எதுக்குக் கெடுக்கணும்?

நல்லாத் தின்னுச்சு. மேனியில ஒரு மினுமினுப்பு. கழுத்து தடிச்சு, பாக்கக் கம்பீரமா இருந்துச்சு. "அத்தை, இது ஏன் இப்படி உப்புது?"ன்னு கேக்குறா. "மலைக்காத்து"ன்னேன்.

அப்பத்தான் பொங்கல் வந்துச்சு. உங்க பக்கம் மாட்டுக்குப் பொங்கல் வைப்பீங்க. எங்க மலையில எங்களுக்குச் சொமக்குறது குதிரைதான, அதனால அன்னைக்குக் குதிரையக் குளிப்பாட்டி, பொட்டு வச்சு, மாலை போட்டு, அதுக்குப் பொங்கல் ஊட்டுவோம். பொதிக்குதிரை ரெண்டும் ஆளுக்கு ஒரு எலை தின்னுச்சு. பவளத்த மட்டும் மூலையில கட்டி வச்சு, "அதுக்கு வேணாம், தண்ணி மட்டும் காட்டுவோம்"னா பூங்கோதை. நல்ல நாளும் அதுவுமா, மாலை போட்ட உசுருக்கு வெறும் தண்ணியா? சேவுகனும் அவளும் குதிரைக் கூட்டத்தோட கோயிலச் சுத்தப் போனாய்ங்க. பானையில பாதிக்கு மேல இருந்துச்சு. நல்ல உருண்டை வெல்லம், நெய்யி, மலைவாழைப்பழத்தப் பெசஞ்சு விட்டிருந்தேன். பவளம் என்னையே பாக்குது. அந்தக் கண்ணப் பாத்துட்டு எந்தப் பொம்பள சும்மா இருப்பா?

பானைய வழிச்சு நக்கிருச்சு தம்பி. ஒரு பருக்கை மிச்சம் வைக்கல. எனக்கு அழுகையே வந்துருச்சு. ஒச்சம்மாளக் கூப்பிட்டுக் காட்டுனேன். "வந்து பாருடி"ன்னேன். வந்தா. பாத்தா. வாயே தொறக்கல. கண்ணு மட்டும் பானைக்குள்ள போயிட்டு வந்துச்சு. அங்கதான் பட்டுச்சு. அவ கண்ணு கொள்ளிக்கண்ணு, ஊருக்கே தெரியும்.

மறுநா குதிரை வெளிய வரல. கவுத்த இழுத்தாலும் வரல. முன்னங்கால் ரெண்டையும் நீட்டி வச்சுக்கிட்டு, எடையப் பூராப் பின்னால போட்டு, நெருப்பு மிதிக்கிற மாதிரி நிக்குது. ஒரு அடி எடுத்து வைக்கச் சொன்னா உடம்பு நடுங்குது. பூங்கோதை ஓடி வந்து குளம்பத் தொட்டுப் பாத்தா. "கொதிக்குது"ன்னா. அதுக்கப்புறம் அவ எங்கிட்ட ஒரு வார்த்த பேசல.

மாட்டு டாக்டரக் கூப்பிட்டாய்ங்க. ஆம்பள டாக்டரு வருவாருன்னு பாத்தா, பஸ்ஸுலருந்து ஒரு சின்னப்புள்ள எறங்குது. பையத் தோள்ல மாட்டிக்கிட்டு, காலேஜுக்குப் போற மாதிரி. குளம்பத் தொட்டுச்சு, கழுத்தத் தொட்டுச்சு, நேரா என்னையப் பாத்துக் கேக்குது. "என்னம்மா குடுத்தீங்க?"

என்னைய ஏன் பாக்கணும்? அங்க எத்தன பேரு நிக்கிறாய்ங்க?

"நல்ல சாப்பாடுதாம்மா குடுத்தேன். நாங்க திங்கிறதத்தான் குடுத்தோம்"னேன்.

"நீங்க திங்கிறது அதுக்கு ஆகாதும்மா. இனிப்பு கூடிப்போயி குளம்புக்குள்ள அழற்சி வந்திருக்கு. நகத்துக்குள்ள தீக்காயம் பட்ட மாதிரி வலிக்கும். இதுக்கு மேல ஒரு வாய் இனிப்பு போனாலும் உள்ள எலும்பு திரும்பிரும். அப்படி ஆயிட்டா..." சொல்லி நிறுத்திட்டு, பூங்கோதைய ஒரு பார்வை பாத்துட்டு, "அப்படி ஆயிட்டா ஊசி போட்டு அனுப்பி விடுறதுதான் அதுக்கு நல்லது"ன்னுச்சு.

பூங்கோதை அழுகல. அழுதா எனக்கு ஒரு வழி தெரிஞ்சிருக்கும், ரெண்டு சத்தம் போட்டு அடக்கிருப்பேன். அவ குடத்த எடுத்துக்கிட்டுச் சுனைக்குப் போயிட்டா. சுனைத்தண்ணி ஐஸ் மாதிரி இருக்கும். கொண்டாந்து குளம்புல ஊத்துறா, திரும்பப் போறா, கொண்டாந்து ஊத்துறா. சேவுகன் ஆத்து மணல அள்ளியாந்து காலுக்குக் கீழ பரப்புறான். நான் சோத்தப் போட்டு வச்சுக்கிட்டு, வாங்கடா தின்னுட்டுப் போங்கடான்னு கூப்பிடுறேன். எம் மகன், நான் பெத்த மகன், திரும்பிப் பாத்துச் சொல்றான். "அம்மா, உன் சோத்தால ஒண்ணு சாகக் கெடக்கு. இன்னும் யாருக்குப் போடப்போற?"

அவன் அப்படிப் பேசுறவன் இல்ல தம்பி. ஒறக்கங் கெட்டு, ஏதோ வாயில வந்துருச்சு. நான் மனசுல வச்சுக்கல. வச்சிருந்தா உங்ககிட்டச் சொல்லிருப்பேனா?

ஆனா ஊரு இருக்கே, அது வாய மூடுமா? ஒச்சம்மா சும்மா இருப்பாளா? கடைக்கு வர்ற லாரிக்காரன் ஒருத்தன், நான் எத்தன வருசமா இட்லி போட்டு வளத்த பய, எலைய மடக்கி வச்சுட்டுச் சொல்றான். "பொங்கல் வேணாங்க்கா. எனக்கு ரெண்டு காலும் வேணும். வண்டி ஓட்டணும்ல." கடை பூராச் சிரிக்கிறாய்ங்க. அந்தத் தின்னுமாறிப் பயல்கள நான் ஒவ்வொருத்தனாப் பாத்தேன். பூரா நான் ஊத்துன சட்னியில வளந்த மூஞ்சி.

அன்னைக்கு முடிவு பண்ணுனேன். நான் சோறு போட்ட எதுவும் என் வாசல்ல சாகக்கூடாது. அது அந்தக் குதிரைக்காக இல்ல, சொல்லிட்டேன். என் கைக்கு ஒரு பேரு இருக்கு.

அவ கொண்டு வந்த புல்லு தீந்துபோச்சு. நிலக்கோட்டையில குடுத்துக்கிட்டிருந்தவன் நெலத்த வித்துட்டுப் போயிட்டானாம். மலைப்புல்லு பூராப் பச்சப்பசேல்னு ஈரம் பிடிச்ச புல்லு, அதத் தொடவே கூடாதுன்னுட்டுச்சு அந்த டாக்டர்ப் புள்ள. காய்ஞ்சதா, முத்துனதா, இனிப்பில்லாததா ஒரு புல்லு வேணும். நானே எறங்குனேன். ஒரு பால்பண்ணைக்காரன் ஆளுயரத்துக்கு ஒரு புல்லு காட்டுனான். புதுசா வந்த ஒட்டுப்புல்லாம். ஒரு தண்ட ஒடிச்சு மென்னு பாத்தேன். கரும்பு. கரும்பேதான். "இது புல்லா, தீபாவளியா?"ன்னு கேட்டேன். இன்னொருத்தன் வைக்கோல் போருலருந்து உருவிக் குடுத்தான். பூஞ்சை நாத்தம். "மாடு திங்குதும்மா"ங்கிறான். "உன் மாடு உன்னையவே பொறுத்துக்கிருச்சு, இதப் பொறுக்காதா?"ன்னுட்டு வந்தேன்.

எங்க போனாலும் புல்ல மென்னு பாத்தேன் தம்பி. ஆமா, இந்த வாயாலதான். உப்புப் பாக்காம, புளிப்புப் பாக்காம நான் எதையும் எறக்குனதில்ல. இனிச்சா துப்பிருவேன். கசந்தாலும் வேணாம். சப்புன்னு, வெறும் வெயில் வாசம் மட்டும் அடிக்கணும். எல்லாரும் என்னையக் கிறுக்கின்னு பாத்தாய்ங்க. பாத்துட்டுப் போறாய்ங்க.

கடைசியில சின்னாளபட்டிப் பக்கம் ஒரு தென்னந்தோப்பு. தரை பூரா அருகம்புல்லு, முத்திப்போயி வெயில்ல பழுப்பேறிக் கெடக்கு. தோப்புக்காரரு கட்டில்ல சாஞ்சு போனப் பாத்துக்கிட்டு இருக்காரு. "அய்யா, இந்தப் புல்லு வேணும்"னேன்.

"களையா? களைய வாங்கவா வந்த?"

"ஆமாங்க."

"புடுங்கிக்க. பூராத்தையும் புடுங்கிக்க. எனக்குக் களையெடுக்குற கூலி மிச்சம்"னு சொல்லிட்டு, பெரிய தருமப் பிரபு மாதிரி மீசையத் தடவுறாரு. ஒரு வாய் மோரு குடுக்கல. வெயில்ல குத்தவச்சு, வரப்பு வரப்பாப் புடுங்குனேன். அவரு களத்துலயே காயப்போட்டு, வெயில் தாழ மூட்டை கட்டுனேன். மென்னு பாத்தேன், சப்புன்னு இருந்துச்சு. இதுதான்னு தோணிருச்சு.

வீட்டுக்குக் கொண்டாந்தா, பூங்கோதை ஊற வைக்கிறா பாருங்க, அந்த லட்சணத்த. கொஞ்சூண்டு தண்ணியில மேலாக்க முக்குறா. "தள்ளு"ன்னேன். இட்லிக்கு அரிசி கழுவுற பெரிய அண்டாவுல போட்டு, அமுக்கி, தண்ணி கலங்கி வர்றத வடிச்சு, மறுபடி ஊத்தி, தண்ணி தெளிவா வர்ற வரைக்கும் அலசுனேன். அரிசி கழுவத் தெரியாதவளுக்குப் புல்லு கழுவ எங்க தெரியும்? கூடையில வடிய விட்டு, பவளம் மூஞ்சிக்கு முன்னால கொண்டுபோயி வச்சேன். அது படுத்துக் கெடக்கு. கண்ணு உள்ள போயிருச்சு. மோந்துச்சு. நான் மூச்சு விடல. பூங்கோதையும் விடல. ஒரு இழை எடுத்துச்சு. மென்னுச்சு. மெதுவாத்தான் மென்னுச்சு. இப்ப கீழ விட்டுரும்னு பாத்தேன். விடல. முழுங்கிருச்சு. இன்னொரு இழை எடுத்துச்சு.

"தின்னுருச்சு அத்தை"ன்னா பூங்கோதை. அத்தனை நாளைக்கு அப்புறம் அவ எங்கிட்டப் பேசுன மொதப் பேச்சு.

"திங்காம? யாரு கழுவுனது?"ன்னேன்.

அப்புறம் மருந்தும் ஊசியும் அந்த டாக்டர்ப் புள்ள வந்து வந்து போட்டுச்சு. அது பாட்டுக்குப் போட்டுச்சு. குணமானது எதுலன்னு எனக்குத் தெரியும். கொஞ்சங் கொஞ்சமா எந்திரிச்சு நின்னுச்சு, மணல்ல நாலடி வச்சுச்சு, ஒரு நாள் வாசலுக்கே வந்துருச்சு. பாரம் ஏத்தக்கூடாது, தார் ரோட்டுல நடத்தக்கூடாதுன்னுட்டுச்சு டாக்டரு. அப்ப அது எதுக்கு ஆகும்? ஒண்ணுக்கும் ஆகாது. நிக்கும், திங்கும். அதுவும் நான் கழுவிப் போட்டா திங்கும். பூங்கோதை கழுவுனா மோந்து பாத்துட்டு என்னையப் பாக்கும். திமிரு.

போன மாசம் மேலத் தோட்டத்து மொதலாளி சௌந்தரபாண்டி காருல வந்து எறங்குனாரு. சேவுகன் சொமக்குற மூட்டையில பாதி அவரு தோட்டத்து மூட்டைதான். அவரு மகனுக்குக் கல்யாணமாம். மாப்பிள்ளை அழைப்புக்கு வெள்ளைக் குதிரை வேணும்ங்கிறாரு. "உங்கிட்ட ஒண்ணு சும்மா நிக்குதாமே சேவுகா. கோயில்லருந்து மண்டபம் வரைக்குந்தான். தார் ரோடு, சுகமாப் போகும்"னு சொல்லிக்கிட்டே, கையில இருந்த டப்பாவத் தொறந்து ஒரு லட்டு எடுத்து, பவளத்து வாயிகிட்ட நீட்டுறாரு. அந்தக் கூறுகெட்டது காதத் தூக்கி ஒதட்ட நீட்டுது.

சேவுகன் தரையப் பாக்குறான். மொதலாளி ஆச்சே. பூங்கோதை கதவுக்கிட்ட நிக்கிறா, மூஞ்சியில ரத்தமே இல்ல. இதுகள நம்பி ஆகாதுன்னு நானே எந்திரிச்சுப் போயி, அந்த மனுசன் மணிக்கட்டப் புடிச்சேன். மொதலாளி கைய. லட்டு கீழ விழுந்து உருண்டுச்சு.

"அதுக்கு இனிப்பு ஆகாதுங்க"ன்னேன்.

"ஒரு லட்டுல என்னம்மா ஆயிரும்?"

"குதிரைக்குச் சோறு போட்டுப் பாத்திருக்கீங்களா நீங்க? தெரியாததுல கைய விடக்கூடாது. அது வராதுங்க. ரோட்டுல நடக்காது."

"ஏம்மா, மகன் பொழப்பப் பத்தி யோசிச்சுத்தான் பேசுறியா? மாப்பிள்ளை குதிரையில வரணும்னு ஆசைப்படுறான்."

"உங்க மகனுக்குக் கால் இருக்குல்ல?"ன்னேன். "நல்லாத்தான இருக்கு? நடந்து வரச் சொல்லுங்க."

டப்பாவ மூடிக்கிட்டு ஏறிப் போயிட்டாரு. அந்த வாரத்துலருந்து மூட்டை வேற ஆளுக்குப் போகுது. போகட்டும், பழையூர்ப் பக்கம் தோட்டம் இல்லாமயா போச்சு? கல்யாணத்துக்கு மாப்பிள்ளை காருலதான் வந்தானாம். அந்த வீட்டு ஆளுக ஒருநாளும் நடந்ததில்ல.

காரு வளைவு திரும்புற வரைக்கும் பூங்கோதை அப்படியே நின்னா. திரும்புனதும் சிரிச்சா பாருங்க தம்பி. கதவப் புடிச்சுக்கிட்டு, கீழ உக்காந்து, கண்ணுல தண்ணி வரச் சிரிக்கிறா. "நடந்து வரச் சொல்லுங்கன்னுட்டீங்களே அத்தை"ன்னு சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறா. நான் நியாயமாத்தான கேட்டேன், அதுல சிரிக்க என்ன இருக்கு? எனக்கு வெளங்கல. எங்க வீட்டுக்கு வந்ததுலருந்து அவ பல்ல நான் பாத்ததில்ல. அன்னைக்குத்தான் பாத்தேன். வரிசையா, அரிசி மாதிரி, நல்லாத்தான் இருக்கு. அவகிட்டச் சொல்லல. சொன்னா தலைக்கு மேல ஏறிக்கும்.